கேள்வித்தாள் போட்டவன் பதில்கள்

போன இதழில், பதவி உயர்வுத் தேர்வுகளில் பாரபட்சம் இருக்கிறது என்று ரெண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திட்டு. 31 வருடம் பணியாளர் பிரிவில் குப்பை கொட்டி, அதில் 14 வருடம் உள்தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் போட்டவன் என்பதால் எனக்குத் திட்டு புதிதல்ல. இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

18 வருடமாக ஃபிட்டர் வேலை. சூப்பர்வைசர் பதவி உயர்வுக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள். கட்டுரைக்கு மட்டும் 20 மார்க். தலைப்பு: 'விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம்'. நான் விமான நிலையத்தை மேம்பாலத்தில் போகும்போது பார்த்ததோடு சரி. 3 மார்க்கில் போய்விட்டது. மேனேஜரிடம் கேட்டால், "எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தானப்பா, இதில் என்ன பாரபட்சம்?" என்கிறார். என்ன பதில் சொல்வது, ஐயா?
— பெயர் வேண்டாம், ஓசூர்

நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்ட கதையைச் சொல்லுங்கள். தட்டையான தட்டில் ஊற்றி வைத்தது நரி. தான் சளக் சளக்கென்று நக்கி முடித்தது. கொக்கின் அலகில் ஒரு சொட்டு ஏறவில்லை. அன்றைக்கு யாராவது நரியிடம் நியாயம் கேட்டிருந்தால் அதுவும், "ரெண்டு பேருக்கும் ஒரே தட்டுதானே" என்றுதான் சொல்லியிருக்கும்.

பாட்டி கதை என்று மேனேஜர் சிரித்தால், 1971 மார்ச் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர் இதே கதையைத் தன் தீர்ப்பில் எடுத்துக் காட்டியிருக்கிறார் என்று சொல்லுங்கள். வட கரோலினா மாநிலத்தில் டிரேப்பர் என்ற ஊர், டியூக் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம். வேலை பார்த்த 95 பேரில் கறுப்பினத்தவர் 14 பேர். அவர்களை வைத்திருந்தது ஒரே பிரிவில், கூலிப் பிரிவு. அந்தப் பிரிவில் உச்சச் சம்பளம் வாங்குகிறவர் மற்றப் பிரிவில் கடைசிச் சம்பளம் வாங்குகிறவரைவிடக் குறைவாகத்தான் வாங்கினார். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே தேதியில் நிறுவனம் புது விதி போட்டது: மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர வேண்டுமானால் பள்ளிப் படிப்பு முடித்திருப்பதோடு இரண்டு எழுத்துத் தேர்வுகளிலும் தேற வேண்டும். பள்ளி முடிக்காத பழைய ஆட்களுக்குச் செப்டம்பரில் ஒரு சலுகையும் கொடுத்தார்கள். அந்த இரண்டு தேர்விலும் தேறினால் அவர்களும் மேல் பிரிவுக்கு மாறலாம்.

சலுகையின் அழகைப் பாருங்கள். தேர்ச்சி மார்க், அந்த நாட்டில் பள்ளி முடித்தவர்கள் எடுக்கும் மார்க்கின் நடுப்புள்ளி. அதாவது பள்ளிப் படிப்பை முடித்தவர்களிலேயே பாதிப் பேர் தேற மாட்டார்கள். அதைத்தான் படிக்க விடாமல் வைக்கப்பட்டவர்களுக்குச் சலுகையாகக் கொடுத்தார்கள். 1960 கணக்குப்படி அந்த மாநிலத்தில் பள்ளி முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். இன்னொரு பக்கம், இந்த விதி வருவதற்கு முன்னால் பள்ளி முடிக்காமலே மேல் பிரிவில் சேர்ந்த வெள்ளைக்காரர்கள் அங்கே ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் தேர்வு எதைச் சோதித்தது? நிறுவனத்துக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று கீழ்க் கோர்ட்டில் சொன்னதைப் பர்கர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணம் நல்லதா கெட்டதா என்பதல்ல, அந்தத் தேர்வுக்கும் அந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று காட்டு என்றார். 8 நீதிபதிகளும் ஒரே குரல்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சூப்பர்வைசர் எழுத வேண்டியது ஷிஃப்ட் ரிப்போர்ட். 'ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுவிட்டது, அடுத்த ஷிஃப்ட்காரருக்கு அரைப் பக்கம் குறிப்பு எழுது' என்று கேட்டிருந்தால் உங்கள் எழுத்தும் தெரிந்திருக்கும், வேலையும் தெரிந்திருக்கும். விமான நிலையத்தைக் கேட்டவருக்குத் தெரிய வந்தது, யார் விமானத்தில் போனவர் என்பது மட்டும்தான். உங்களுடையது அரசு நிறுவனம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு விடைத்தாள் நகலை வாங்குங்கள். தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தனியார் என்றால் சங்கத்தைப் பிடியுங்கள். ஆனால் அடுத்த தேர்வுக்கு முன்னால் பிடியுங்கள். முன்னால் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குச் சேலத்துக்காரரின் கேள்வி இருக்கிறது.

சும்மா இருங்கள் சார். என் மகன் லீவு போட்டு, ராத்திரி பகலாகப் படித்துத் தேறினான். தேறாதவர்கள் ஒன்றுகூடி 'கேள்வித்தாள் சரியில்லை, ரத்து செய்' என்கிறார்கள். படித்தவன் என்ன பாவம் செய்தான்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

ஒரு பாவமும் செய்யவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். உங்கள் மகனைப் போலவே ஒருவர் ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். ஃபிராங்க் ரிச்சி, அமெரிக்காவில் நியூ ஹேவன் நகரத் தீயணைப்பு வீரர். எழுத்துகளைப் படிப்பதே சிரமமாக இருக்கும் டிஸ்லெக்சியா அவருக்கு. 2003-ல் லெப்டினன்ட், கேப்டன் பதவி உயர்வுத் தேர்வு அறிவித்ததும், 1,000 டாலருக்கு மேல் செலவழித்துப் புத்தகம் வாங்கி, இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொல்லி டேப்பில் பதிந்து, ஒரு நாளைக்கு 8 மணி முதல் 13 மணி நேரம் வரை கேட்டுக் கேட்டுப் படித்தார். தேறினார்.

ரிசல்ட்டைப் பார்த்த நகர நிர்வாகத்துக்கு வியர்த்துவிட்டது. லெப்டினன்ட் தேர்வு எழுதியவர்கள் 77 பேர். வெள்ளையர் 43-ல் 25 பேர் தேறியிருந்தார்கள். கறுப்பினத்தவர் 19-ல் 6. ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி வழி வந்தவர்கள், 15-ல் 3. இருந்தது 8 காலியிடம். விதிப்படி அந்த இடங்களுக்குப் பரிசீலிக்கத் தகுதி பெற்ற முதல் 10 பேரும் வெள்ளையர்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்காவில் 1978-லிருந்து அரசு அமைப்புகள் வைத்திருக்கும் ஓர் அளவுகோல் உண்டு: ஒரு பிரிவின் தேர்ச்சி வீதம், அதிகம் தேறிய பிரிவின் வீதத்தில் ஐந்தில் நாலு பங்காவது இருக்க வேண்டும். வெள்ளையர் 58 சதவீதம் என்றால், ஐந்தில் நாலு பங்கு கிட்டத்தட்ட 46. கறுப்பினத்தவர் வந்து நின்றது 32-ல், ஹிஸ்பானியர் 20-ல். இதை வைத்து வழக்குப் போடுவார்களே என்று பயந்து, ரிசல்ட்டையே வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். தேறியவர்களில் 18 பேர், 17 வெள்ளையரும் ஒரு ஹிஸ்பானியரும், கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 ஜூன் 29-ல் 5-க்கு 4 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு. வழக்கு வருமோ என்ற பயம் மட்டும் போதாது, தேர்வு தப்பு என்பதற்குப் பலமான சான்று இல்லாமல் தேறியவன் வாயில் மண்ணைப் போடக்கூடாது என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் அந்தத் தீர்ப்பை ஏற்காத நாலு நீதிபதிகள் சார்பில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதியதையும் ஆசிரியரான நீங்கள் கேட்க வேண்டும். எழுத்துக்கு 60, வாய்மொழிக்கு 40 என்ற பங்கு, பழைய தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருந்து அப்படியே எடுத்தது. வேலைக்கு இது பொருந்துமா என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. எரிகிற கட்டடத்துக்கு முன்னால் நின்று பத்துப் பேரை நடத்தும் தெம்பு இருக்கிறதா என்று எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. படிக்க வேண்டிய புத்தகங்களின் விலை 500 டாலர். வெள்ளை வீரர்கள் பலருக்கு அப்பா, மாமா, சித்தப்பா என்று தீயணைப்புத் துறையில் ஆள் இருந்தது, புத்தகமும் யோசனையும் வீட்டிலேயே கிடைத்தது. முதல் தலைமுறையாகத் துறைக்கு வந்தவர்களில் சிலருக்குப் புத்தகம் கைக்கு வரவே ஒன்றரை மாதம். பக்கத்து ஊரான பிரிட்ஜ்போர்ட்டில் வாய்மொழிக்கு அதிகப் பங்கு கொடுத்து மாற்றியிருந்தார்கள், அங்கே அதிகாரிகளின் வரிசை வேறு மாதிரி இருந்தது.

என்னைக் கேட்டால் ரிச்சியும் ஏமாந்தார், தேறாதவர்களும் ஏமாந்தார்கள். ஒரு லட்சம் டாலர் கொடுத்துக் கேள்வித்தாள் வாங்கிய நிர்வாகம், தராசைச் சரிபார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல், சரக்கு நிறுத்த பிறகு பார்த்தது. உங்கள் மகனின் பதவி உயர்வை நிறுத்தக்கூடாது என்பதே என் கட்சி. அதற்காக அந்தக் கேள்வித்தாளை நல்ல கேள்வித்தாள் என்று சொல்ல என்னைக் கூப்பிடாதீர்கள்.

எந்தக் கேள்வியால் பாரபட்சம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் புகாருக்கு மதிப்பு உண்டா?
— வங்கி ஊழியர், கும்பகோணம்

பிரிட்டனில் உள்ளவர்கள் அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள். அங்கே உள்துறை அமைச்சகத்தில் பதவி உயர்வுக்கு முதல்படியாக ஒரு திறன் தேர்வு. வெள்ளையர் அல்லாதவர்களின் தேர்ச்சி வீதம், வெள்ளையர் வீதத்தில் 40.3 சதவீதம்தான் என்று 2010-ல் ஓர் அறிக்கை வந்தது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கும் அதே கதி, இளையவர்களின் வீதத்தில் 37.4 சதவீதம். தலைகீழாக நின்றும் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை. எஸ்ஸோப் என்ற குடிவரவு அதிகாரியும் மற்றவர்களும் போட்ட வழக்கில் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஏன் என்று ஊழியர் நிரூபிக்க வேண்டியதில்லை, தேர்வால் அந்தப் பிரிவினர் பின்தங்குகிறார்கள், தாங்களும் பின்தங்கினோம் என்று காட்டினால் போதும் என்றது. அதற்குப் பிறகு தேர்வு அவசியம்தான் என்று நியாயப்படுத்துவது முதலாளியின் பாடு. நீதிபதி லேடி ஹேல் எழுதிய தீர்ப்பு அது.

நம் ஊரில் அந்தக் கணக்கைப் போடுகிறவர்களே இல்லை. நான் இருந்த 14 வருடத்தில், தேறியவர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியதோடு சரி. எந்தப் பிரிவில் எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் தேறினார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்ததில்லை. நானும்தான்.

தமிழில் கேள்வித்தாள் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் இல்லையா?
— அஞ்சல் ஊழியர், திண்டுக்கல்

உங்கள் துறையில் 2019 ஜூலை 14 அன்று தபால்காரர் உள்ளிட்ட வேலைகளுக்கு நடந்த தேர்வு உங்களுக்கு மறந்திருக்காது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் கேள்வி. தமிழ்நாட்டுத் தெருவில் தமிழ் முகவரியைப் படித்துக் கடிதம் கொடுக்கிற வேலைக்கு! மாநிலங்களவையில் தமிழக உறுப்பினர்கள் கிளப்பிய கூச்சலில் இரண்டே நாளில் தேர்வு ரத்து, தமிழ் உள்படப் பிராந்திய மொழிகளில் மறுபடி நடக்கும் என்று அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அறிவித்தார்.

ஆனால் தமிழில் கொடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பதவி உயர்வு இல்லை, நுழைவுத் தேர்வு என்றாலும் சொல்கிறேன்: 2018 நீட் தேர்வில் சிறுத்தை 'சீத்தா' ஆனது. 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தவறு என்று 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. பிறகு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அது ஆங்கிலத்தை அப்படியே இறக்கிய தமிழ். எதிர்ப் பக்கமும் உண்டு. எங்கள் ஆலையில் ஒரு தடவை தமிழறிஞர் ஒருவரைக் கொண்டு கேள்வித்தாளைத் தமிழாக்கினோம். ஹாலில் நான்தான் மேற்பார்வை. 20 வருடம் லேத்தில் நின்ற டர்னர் ஒருவர் கையைத் தூக்கினார். "சார், தாங்கின்னா என்ன சார்? ஆட்டோ ஸ்டாண்டா?" பேரிங் என்று காதோரம் சொன்னேன். சொன்னது விதிப்படி தப்பு. அவர் பக்கத்து பெஞ்சையும் பார்த்துத் தலையாட்டினார், அந்த வரிசை முழுக்க எழுத ஆரம்பித்தது.

எழுத்துத் தேர்வே வேண்டாம், நேர்முகம் வைத்தால் என்ன?
— திருநெல்வேலி வாசகி

வைக்கலாம், மேஜைக்கு அந்தப் பக்கம் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து. நியூ ஹேவனில் வாய்மொழித் தேர்வுக்கு 9 குழு, குழுவுக்கு 3 பேர், அதில் 2 பேர் சிறுபான்மையினர், எல்லோரும் வெளி மாநிலத்துக்காரர்கள். அந்த அளவுக்கு யோசித்தார்கள். நம் ஊர் நேர்முகத்தில் முதல் கேள்வியே, "நீங்க எந்த ஊர்? அங்க எந்தத் தெரு?" அந்தத் தெருக் கேள்விக்குப் பயந்துதான், அம்மா, எங்கள் காலத்தில் தொழிலாளர்களே எழுத்துத் தேர்வு கேட்டார்கள். விடைத்தாளில் எண் மட்டும் இருக்கும், தெரு இருக்காது.

தேர்வில் பாரபட்சம் என்பதெல்லாம் இப்போது கிளம்பிய பேச்சுதானே?
— கரூர்

இன்றைய ஐ.ஏ.எஸ்.ஸுக்கு முன்னோடியான, வெள்ளைக்காரன் காலத்து ஐ.சி.எஸ். தேர்வு சட்டப்படி இந்தியருக்கும் திறந்திருந்தது. எழுத வேண்டிய இடம் லண்டன். வயது உச்சவரம்பை 1870-களில் 21-லிருந்து 19 ஆக்கினார்கள். 19 வயதுக்குள் கடல் தாண்டிப் போய், லத்தீனும் கிரேக்கமும் படித்த பையன்களோடு போட்டி போட வேண்டும். இந்தியாவிலும் எழுதலாம் என்று அலகாபாத்தில் முதல் தேர்வு நடந்தது 1922-ல். அப்போதும் 'எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுற்றிவளைத்து இட ஒதுக்கீட்டுக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?
— சென்னை-33

வாங்குவதென்றால் நேராகவே வாங்குவேன். பதவி உயர்வில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான ஒதுக்கீடு அரசியல் சட்டத்தின் 16(4ஏ) பிரிவு, 1995-ல் 77-வது திருத்தத்தில் வந்தது. அது இடத்தைப் பற்றியது. நான் பேசுவது கேள்வியைப் பற்றி.

நீங்கள் போட்ட தேர்வில் உங்கள் மனைவி தேறுவாரா?
— குறும்புக்காரர், ஈரோடு

தேறுவார். கிரிக்கெட் பார்ப்பவர்.

ஊரார் கேள்வித்தாளை எல்லாம் குறை சொல்கிறீர்களே, நீங்கள் போட்டதில் மோசமான கேள்வி எது?
— மதுரை வாசகர்

மேலே குறும்புக்காரருக்குச் சொன்ன பதில் புரியாதவர்களும் இதையே கேட்பார்கள் என்பதால், இந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்தேன்.

1994. ஸ்டோரில் ஹெல்பராக இருப்பவர்களுக்கு ஸ்டோர் கீப்பர் பதவி உயர்வு. கணக்குப் பகுதியில் சுவாரசியமாக இருக்கட்டும் என்று இப்படி ஒன்று போட்டேன்: 'ஒரு பேட்ஸ்மேன் 6 இன்னிங்ஸில் 240 ரன் எடுத்தார். 2 முறை நாட் அவுட். அவருடைய சராசரி என்ன?' விடைக்குறிப்பில் 60 என்று நானே எழுதினேன். 240-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், நாட் அவுட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கிரிக்கெட் பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

ஸ்டோரில் ஓர் அம்மா இருந்தார். கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்து, கருணை அடிப்படையில் வந்தவர். எந்த ரேக்கில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று இருப்பு எழுதி வைக்கும் 'பின் கார்டை'ப் பார்க்காமலே சொல்வார். அவர் 240-ஐ 6-ஆல் வகுத்து 40 என்று எழுதியிருந்தார். ரெண்டு மார்க். அந்த ரெண்டு மார்க்கில் போய்விட்டது. பெண்கள் 4 பேர் எழுதினார்கள், நாலு பேர் விடையும் 40. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பட்டியலை ஒட்டிய பிறகு அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. "ஆறு ஆட்டம் ஆடினாருன்னு நீங்கதான சார் எழுதியிருந்தீங்க, நாலால ஏன் வகுக்கணும்?" என்று கேட்டார். விதியை விளக்கினேன். "அது ஆட்டத்து விதி சார். இது கணக்குப் பேப்பர்தானே" என்றார். என்னிடம் பதில் இல்லை. பட்டியலைத் திருத்த மேலே எழுதவும் எனக்கு அன்று தைரியம் இல்லை.

ரெண்டு வருடம் கழித்து மறுபடி தேர்வு. இந்த முறை நான் ஜாக்கிரதை. வேலைக்குச் சம்பந்தமாகவே கேட்டேன்: '240 மூட்டை சிமெண்ட் வந்தது. 12 மூட்டை கிழிந்திருந்தது. ஸ்டோர் இருப்பில் எத்தனை?' விடை 228. திருத்திக்கொண்டு வரும்போது ஒரு விடைத்தாளில் 240 என்று இருந்தது. தப்பு போடப் பேனாவைக் கொண்டுபோனேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'கிழிந்த மூட்டையைத் தனிப் பதிவேட்டில் ஏற்றி, அதிகாரி கையெழுத்து ஆன பிறகே இருப்பில் கழிக்க வேண்டும்.' தாளில் பெயர் இல்லை, தேர்வு எண் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்தப் பொடி எழுத்தை ஸ்டோர் ரசீதுகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஸ்டோர் மேனுவலை எடுத்துப் பார்த்தேன். அவர் எழுதியதுதான் விதி. 228-ஐ அடித்து 240 என்று எழுதினேன். 228 எழுதியிருந்த 11 பேருக்கும் மார்க் போட்டேன், கேள்வியைக் குழப்பியது நான்தானே. இந்த முறை மேலே ஒரு குறிப்பும் அனுப்பினேன், 1994 பேப்பரையும் சேர்த்து.